மடியில் குழந்தை, முன்னால் ஏர்பேக்

திருவனந்தபுரம் வழுதக்காட்டில் உள்ள டிரான்ஸ் டவர்ஸ் கட்டடத்தில்தான் கேரளப் போக்குவரத்து ஆணையரின் அலுவலகம் இருக்கிறது. 2024 அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஆணையர் சி.எச்.நாகராஜு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். காரில் போகும் நான்கு வயது வரையிலான குழந்தைகளைப் பின்சீட்டில், அவர்களுக்கென்று உள்ள தனி இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும். நான்கு முதல் பதினான்கு வயது வரை, 135 செ.மீ. உயரத்தை எட்டாத பிள்ளைகளுக்கு பூஸ்டர் இருக்கையும் சீட் பெல்ட்டும் வேண்டும். அக்டோபரில் விழிப்புணர்வு, நவம்பரில் எச்சரிக்கை, டிசம்பரிலிருந்து ஆயிரம் ரூபாய் அபராதம்.

அறிவிப்பின் ஆயுள் ஓரிரு நாள்தான். போக்குவரத்து அமைச்சர் கே.பி.கணேஷ் குமார் குறுக்கிட்டார். அபராதம் வசூலிக்கப் போவதில்லை, இப்போதைக்குக் கட்டாயமும் இல்லை, ஆணையர் மக்களிடம் விழிப்புணர்வு உண்டாக்க நினைத்தார், அவ்வளவே என்று விஷயத்தை முடித்து வைத்தார். காரில் ஐந்து பேரை ஏற்றவே மல்லுக்கட்டும் குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன.

அந்த அறிவிப்பு வெறும் அதிகார உற்சாகத்தில் பிறந்ததல்ல. அதற்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் இறுதியில், மலப்புறம் மாவட்டம் படப்பறம்பில் ஒரு காரும் டேங்கர் லாரியும் மோதின. காரின் முன்சீட்டில் தாயின் மடியில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. மோதிய வேகத்தில் ஏர்பேக் விரிந்தது. காரில் இருந்த மற்றவர்கள் பிழைத்தார்கள். ஏர்பேக்கில் அமுங்கிய குழந்தை பிழைக்கவில்லை. உயிர் காக்க வைத்த கருவியே உயிரை எடுத்துவிட்டதே என்று கேரளம் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் அபராதச் சர்ச்சை வந்தது. ஆயிரம் ரூபாய் சரியா தவறா என்ற பேச்சில், அந்தக் குழந்தை எப்படி இறந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

அந்தக் கேள்விக்கான பதில் கேரளத்தை மட்டும் சேர்ந்ததல்ல. களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் தினமும் திருவனந்தபுரம் போய்வரும் குமரி மாவட்டக் குடும்பங்களுக்கும் அது பொருந்தும். பிரசவத்துக்கும் பிள்ளை வைத்தியத்துக்கும் எஸ்.ஏ.டி. மருத்துவமனையை நம்பிப் போகிறவர்கள், வளைகுடாவிலிருந்து வரும் உறவினரை அழைக்க விமான நிலையம் போகிறவர்கள் என அந்தச் சாலையில் கைக்குழந்தையோடு போகும் கார்களுக்குக் குறைவில்லை.

இருபதில் ஒரு நொடி

மடிதான் குழந்தைக்குப் பத்திரம் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. வீட்டுக்குள் அது முழு உண்மை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்குள் கதை வேறு.

ஐம்பது கிலோமீட்டர் என்பது நகரச் சாலையில் யாரும் வேகம் என்று சொல்லாத வேகம். அந்த வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் நின்றுவிடும், உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருப்பார். அவரைப் பிடித்து நிறுத்த அவருடைய எடையைப் போல ஏறத்தாழ 14 மடங்கு விசை தேவை. பத்துக் கிலோ குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், அந்தக் கணத்தில் 140 கிலோவைக் கையால் இழுத்துப் பிடித்தாக வேண்டும். அன்று பிறந்த மூன்று கிலோ சிசுவுக்கே 40 கிலோவுக்கு மேல் வருகிறது. இத்தனைக்கும் எந்த முன்னறிவிப்பும் இராது. தாயும் முன்னால் வீசப்பட்டுக்கொண்டிருப்பார். எவ்வளவு பாசம் இருந்தாலும் எவ்வளவு இறுகக் கட்டிப்பிடித்தாலும் இந்தக் கணக்கை மனிதக் கைகளால் வெல்ல முடியாது.

தாயையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். பெல்ட்டுக்கும் தாயின் உடலுக்கும் நடுவே குழந்தை மாட்டிக்கொள்கிறது. தாயின் எடையும் அதே மடங்கில் பெருகிக் குழந்தையின் மேல் இறங்குகிறது.

முன்சீட்டில் இதோடு ஏர்பேக்கும் சேர்கிறது. டேஷ்போர்டுக்குள் மடித்து வைத்திருக்கும் பை, மோதலை உணர்ந்ததும் இருபதில் ஒரு நொடிக்குள் விரிந்துவிடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் அது வெளியே பாயும். பெல்ட் போட்டு, முதுகைச் சாய்த்து, டேஷ்போர்டிலிருந்து தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியவரை மனத்தில் வைத்து வடிவமைத்த கருவி அது. அவர் முன்னால் சாய்ந்து வருவதற்குள் பை விரிந்து மெத்தையாகத் தயாராகியிருக்கும். மடியில் உள்ள குழந்தையோ அந்தப் பை விரிய வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. மெத்தையாகும் முன்பே, பாய்ந்து வரும் நிலையிலேயே பை குழந்தையின் தலையிலும் மார்பிலும் மோதுகிறது.

முன்சீட்டுக்கு மேலே உள்ள வெயில் மறைப்புத் தகட்டை இறக்கிப் பார்த்தால் பல கார்களில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். விரியும் ஏர்பேக், அதற்கு எதிரே குழந்தை இருக்கை, படத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு. கார் வாங்கிய நாளில் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டுப் படம் எடுத்தவர்களில் எத்தனை பேர் அதை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள்?

இந்தியாவில் இந்த ஆபத்து புதிது என்பதற்கும் காரணம் உண்டு. 2019 ஜூலை முதல் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலிலிருந்து புதிய மாடல்களுக்கும், அந்த ஆண்டின் முடிவோடு ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் வந்தது. அதுவரை விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த பொருள், சின்னக் கார்களின் முன்சீட்டுக்கும் வந்து சேர்ந்தது. நல்ல விதி, எத்தனையோ பெரியவர்களைக் காப்பாற்றும் விதி. ஆனால், இனி முன்சீட்டில் குழந்தையை வைக்கக் கூடாது என்ற செய்தி ஏர்பேக்கோடு சேர்ந்து வீடுகளுக்கு வரவில்லை.

அமெரிக்கா இதே பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பெரும் விலை கொடுத்துப் படித்தது. 1990 முதல் 2008 வரை, வேகம் குறைந்த விபத்துகளில் முன்பக்க ஏர்பேக் விரிந்ததாலேயே 290 பேருக்கு மேல் அங்கே இறந்ததாகக் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் வந்த பயணிகள். அந்தப் பயணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் குழந்தைகள். பிள்ளைகளைப் பின்சீட்டுக்கு மாற்றச் சொல்லிப் பெரும் பிரச்சாரம் நடந்தது. ஏர்பேக்கின் வேகத்தைக் குறைத்து மறுபடி வடிவமைத்தார்கள். பிறகுதான் சாவுகள் குறைந்தன.

பள்ளிப்புறத்தில் கேட்காத கேள்வி

திருவனந்தபுரத்துக்கு இந்தத் துயரம் படப்பறம்புக்கு முன்பே நெருக்கமாக நடந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 25 அதிகாலை, திருச்சூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வயலின் கலைஞர் பாலபாஸ்கரின் கார், நகரத்துக்குச் சற்று முன்னே பள்ளிப்புறத்தில் சாலையோர மரத்தில் மோதியது. திருச்சூர் வடக்குநாதர் கோயிலில் வழிபாடு முடித்து வந்த பயணம் அது. அவருடைய இரண்டு வயது மகள் அன்றே இறந்தாள். மருத்துவமனையில் ஒரு வாரம் போராடி அக்டோபர் 2 அன்று பாலபாஸ்கரும் இறந்தார். மனைவி பலத்த காயத்தோடு தப்பினார்.

அதற்குப் பின் நடந்த விவாதம் கேரளத்தையே ஆண்டுக்கணக்கில் ஆட்டிப் படைத்தது. காரை ஓட்டியது யார்? விபத்தா, சதியா? தங்கக் கடத்தலோடு தொடர்பு உண்டா? வழக்கு சி.பி.ஐ. வரை போனது, அதிவேகமும் கவனக்குறைவும்தான் காரணம், சதி இல்லை என்று சி.பி.ஐ. சொன்னது. உயர் நீதிமன்ற உத்தரவில் மறு விசாரணையும் நடந்தது. ஓட்டுநர் இருக்கையில் யார் இருந்தார் என்பதை நாடே ஆராய்ந்தது. குழந்தை எங்கே இருந்தாள் என்று கேட்டவர்கள் குறைவு. பாலபாஸ்கர் பின்னால் படுத்திருந்தார், தாயும் மகளும் முன்சீட்டில் இருந்தார்கள் என்பதே வெளிவந்த வாக்குமூலம்.

அந்தப் பயணத்தில் அந்தக் குடும்பம் விசித்திரமாக எதையும் செய்துவிடவில்லை. தென்திருவிதாங்கூரில் எல்லாக் குடும்பங்களும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். குழந்தைக்கு ஐந்தாறு மாதத்தில் சோறூட்டுக்குக் குருவாயூர் போக வேண்டும் என்றால், திருவனந்தபுரத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பயணம். பகல் நெரிசலுக்கும் வெயிலுக்கும் பயந்து இரவில் கிளம்புவார்கள். இன்னோவாவில் பாட்டி, தாத்தா, மாமா, சித்தி என்று எல்லாரும் ஏறுவார்கள். ஓட்டுநர் தூக்கத்தோடு போராடுவார். குழந்தை மட்டும் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கும். "பிள்ளைக்கு வேர்க்குது, ஏசி நல்லா வர்ற முன்சீட்டுக்குக் கொண்டா" என்று யாராவது சொல்வார்கள். அதைச் சொல்பவர், அந்தக் காரிலேயே குழந்தையின் மேல் அதிகப் பாசம் உள்ளவராகத்தான் இருப்பார்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது

ஆணையரின் அறிவிப்பு ஏதோ புதிய சட்டம் போலவும், அமைச்சர் அதை ரத்து செய்துவிட்டது போலவும் ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. இரண்டும் தவறு. மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 194பி பிரிவு, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான தடுப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சொல்கிறது. இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். வசூலிக்காமல் இருக்க ஒரு மாநிலம் முடிவெடுக்கலாம்; இதை இல்லாமல் ஆக்க முடியாது.

சட்டத்தில் ஒரு சந்து இருப்பதும் உண்மை. 'சீட் பெல்ட் அல்லது தடுப்பு இருக்கை' என்று அது இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. மூன்று மாதக் குழந்தைக்கு எந்த சீட் பெல்ட்டைப் போடுவது? நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் பெல்ட்டைப் போட்டால் மேல்பட்டை கழுத்தையும் கீழ்ப்பட்டை வயிற்றையும் அறுக்கும். எந்த வயதுக்கு எது என்று தெளிவாகச் சொல்லியிருந்த வகையில் ஆணையரின் அறிவிப்பு சட்டத்தைவிட ஒரு படி மேல்.

அமைச்சரின் தயக்கத்துக்கும் காரணங்கள் உண்டு. சாலைப் பாதுகாப்பில் கேரள அரசு கை சுட்டுக்கொண்ட அனுபவம் உள்ள அரசு. 2023 ஏப்ரலில் 'சேஃப் கேரளா' திட்டத்தில் 726 கேமராக்களை முதல்வர் பினராயி விஜயன் தொடங்கி வைத்து, ஜூனில் அபராதம் விதிக்கத் தொடங்கியபோது எதிர்ப்பு கிளம்பியது. பைக்கில் அப்பா, அம்மாவுக்கு நடுவே உட்காரும் பிள்ளையை மூன்றாவது ஆளாகக் கணக்கிடுவதா என்ற கேள்விக்கு அரசால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு விலக்கு கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. ஏழைக் குடும்பத்தின் பயணத்துக்கு அபராதமா என்ற குரலுக்கு எந்த அமைச்சரும் பயப்படத்தான் செய்வார்.

ஆனால் ஏர்பேக் உள்ள காரின் முன்சீட்டிலிருந்து குழந்தையைப் பின்சீட்டுக்கு மாற்ற ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. அபராதத்தைக் கைவிட்டபோது இந்தச் செலவில்லாத செய்தியையும் சேர்த்துக் கைவிட்டதுதான் அன்றைய தவறு.

டென்னசியின் குழந்தை நொறுக்கி

இதே வாக்குவாதம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1970களில் நடந்தது. விபத்தில் அடிபட்ட குழந்தைகளைப் பார்த்து மனம் நொந்த ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர், குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கச் சொல்லிச் சட்டமன்ற உறுப்பினர்களின் வாசல் ஏறி இறங்கினார். குடும்ப விஷயத்தில் அரசு தலையிடுவதா, ஏழைகள் எங்கே போய் வாங்குவார்கள் என்ற எதிர்ப்புகள் அங்கேயும் எழுந்தன. 1977இல் சட்டம் நிறைவேறி 1978 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்படிப்பட்ட சட்டம் கொண்டுவந்த முதல் அமெரிக்க மாநிலம் அதுதான்.

சட்டம் நிறைவேற ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது: பெரியவர் மடியில் குழந்தையை வைத்திருந்தால் குற்றமில்லை என்று ஒரு விலக்கு. சாண்டர்ஸின் தரப்பு அதற்குக் குழந்தை நொறுக்கி என்று பெயர் வைத்தது. அந்த விலக்கை எடுக்க 1981 வரை போராட வேண்டியிருந்தது. அதற்குள் பிற மாநிலங்களும் டென்னசியைப் பின்பற்றத் தொடங்கின. 1985க்குள் ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. இருக்கை வாங்க முடியாதவர்களுக்கு இரவல் கொடுக்கும் திட்டங்கள் ஊர் ஊராகத் தொடங்கின. சட்டமும் இரவலும் கைகோத்து வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்வீடன் இன்னும் முன்னால் போய்விட்டது. 1960களில் பெர்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவப் பேராசிரியர், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்த நிலையில் கிளம்புவதைக் கவனித்தார். விசை முழுவதையும் முதுகு பகிர்ந்து வாங்கிக்கொள்கிறது. குழந்தையைக் காரின் பின்புறம் பார்த்து உட்கார வைத்தால் மோதலின் விசையும் இப்படித்தானே பரவும்? 1964இல் வால்வோ அப்படி ஓர் இருக்கையைச் சோதித்தது. பச்சிளம் குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால்வாசி. கழுத்தெலும்புகள் இன்னும் குருத்தாகவே இருக்கும். முன்னே பார்த்து உட்கார்ந்தால், உடலை பெல்ட் பிடித்துக்கொள்ள, கனமான தலை மட்டும் முன்னால் பிய்த்துக்கொண்டு போகும். பின்னே பார்த்து உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் ஓடு ஒருசேரத் தாங்கும். இன்றும் ஸ்வீடனில் நான்கு வயது வரை பிள்ளைகள் பின்னே பார்த்தபடி போவது சாதாரணம். சரியான இருக்கை காரில் போகும் சிசுக்களின் மரண ஆபத்தை 71 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு.

வளைகுடாவைப் பார்த்தால் நமக்கு இன்னும் பக்கம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 ஜூலை முதல் நான்கு வயது வரை குழந்தை இருக்கை கட்டாயம். மீறினால் 400 திர்ஹம் அபராதம். அங்கே வேலை பார்க்கும் மலையாளிகளும் தமிழர்களும் அதை மறுபேச்சின்றிப் பின்பற்றுகிறார்கள். விடுமுறையில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கி, பெட்டிகளை டாக்சியின் மேலே கட்டிவிட்டு, அதே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வர்க்கலைக்கோ மார்த்தாண்டத்துக்கோ கிளம்புகிறார்கள். குழந்தையும் மாறவில்லை, பெற்றோரும் மாறவில்லை. எல்லோரும் எப்படிப் போகிறார்களோ அப்படிப் போவது என்ற பழக்கம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

வாங்கினால் மட்டும் போதாது

இருக்கை வாங்கியவர்களில் பலர் அதைத் தப்பாகப் பொருத்துகிறார்கள் என்பது உலகம் முழுக்க உள்ள சிக்கல். கடைக்காரர் காட்டிக் கொடுப்பதில்லை; பெட்டியில் வரும் கையேட்டை யாரும் படிப்பதில்லை. சில ஆயிரம் ரூபாயிலிருந்து முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வரை இருக்கைகள் விற்கின்றன. விலையைவிட முக்கியம் மூன்று விஷயங்கள்: குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்றதா, நம் காரில் உறுதியாக உட்காருகிறதா, தரச்சான்று இருக்கிறதா. இந்தியத் தரம் ஏஐஎஸ் 072. ஐரோப்பிய முத்திரை என்றால் ஆர்44 அல்லது ஆர்129.

பின்புறம் பார்த்து வைக்கும் இருக்கையைச் சுற்றி வர, சில கார்களில் பின்சீட்டு பெல்ட்டின் நீளம் பற்றாது. வாங்கும் முன் காருக்குள் வைத்துப் பார்க்கவிடும் கடையில் வாங்குவது நல்லது. ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள கார் என்றால், பின்சீட்டின் முதுகும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். இருக்கையின் கொக்கிகள் 'கிளிக்' என்று அவற்றைப் பிடித்துக்கொள்ளும். பெல்ட்டால் கட்டுவதானால் இருக்கையின் மேல் முழங்காலை ஊன்றி, சீட்டுக்குள் அமுக்கியபடி பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். பிறகு பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் எந்தப் பக்கமும் இரண்டரை செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது.

குழந்தையை உட்கார வைப்பதிலும் நுணுக்கம் உண்டு. பின்னே பார்க்கும் இருக்கையில் தோள்பட்டிகள் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ கிளம்ப வேண்டும். பட்டியை இறுக்கியதும் தோளருகே இரு விரலால் கிள்ளிப் பார்க்கலாம். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். பிறந்த குழந்தையைத் துணியில் பொதிந்து கொண்டுபோகும் வழக்கம் நமக்கு. பொதிந்தபடியே வைத்தால் பட்டி உடலோடு ஒட்டாது. துணியை விலக்கி, கால்களுக்கு நடுவே பட்டியைக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, மேலே போர்த்தலாம். பச்சிளம் குழந்தைக்கு இருக்கை ஏறக்குறைய பாதி சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் தலை முன்னால் தொங்கித் தாடை மார்பில் படும். அப்போது மூச்சுக்குழல் மடங்கும். குறைப்பிரசவக் குழந்தை என்றால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி, குழந்தையை வெளியே எடுக்க வேண்டும். பிறந்த சில வாரங்களில் இடைவெளி இன்னும் குறைவாக இருக்கட்டும். பால் கொடுக்க வேண்டும் என்றால் வண்டியை ஓரம் கட்டியாக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இருக்கையோடு தூக்கிக் கொண்டுபோய் அதிலேயே தூங்க விடக் கூடாது. விபத்தில் சிக்கிய இருக்கையை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வரலாறு தெரியாத பழைய இருக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதும் இதனால்தான் ஆபத்து. திருவனந்தபுரத்து மேட வெயிலில் நிறுத்திய காரில் பட்டியின் உலோகப் பூட்டு தோலைச் சுடும். பூட்டும் முன் தொட்டுப் பார்க்க வேண்டும்.

குழந்தை அழும். முதல் சில பயணங்களில் கட்டாயம் அழும். பக்கத்தில் உள்ள பாட்டி, "ஏம்மா பிள்ளையக் கட்டிப்போட்டு வதைக்கிற, எங்கிட்ட குடு" என்பார். அந்த இடத்தில்தான் பெரும்பாலான இருக்கைகள் தோற்றுப்போய் டிக்கிக்குப் போகின்றன. பிறந்த முதல் நாளிலிருந்து பழகிய குழந்தைக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஒன்றரை வயதில் திடீரென்று பூட்டினால் அதிகம்.

முதல் பயணத்திலிருந்து

பிறந்த முதல் நாள் என்று சொல்லும்போது கேரளத்துக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அங்கே கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆகவே ஒவ்வொரு குழந்தையின் முதல் பயணமும் மருத்துவமனை வாசலிலிருந்துதான் கிளம்புகிறது. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயையும் குழந்தையையும் இலவசமாகக் காரில் வீடு சேர்க்கும் 'மாத்ருயானம்' என்ற திட்டமே அந்த மாநிலத்தில் உண்டு. எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் இந்தத் திட்டத்தில் இருக்கிறது.

அமைச்சர் பயந்த எதிர்ப்புக்கு இங்கே இடமே இல்லை. இது அரசு ஏற்பாடு செய்யும் கார். யாருக்கும் அபராதம் போட வேண்டியதில்லை. எந்தக் குடும்பமும் செலவழிக்க வேண்டியதில்லை. மாத்ருயானம் கார் ஒவ்வொன்றிலும் பின்னே பார்க்கும் சிசு இருக்கை ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தலாம். புறப்படும் முன் செவிலியர் ஒருவர் தாயும் பாட்டியும் பார்க்கக் குழந்தையை அதில் வைத்துப் பூட்டிக் காட்டினால், தடுப்பூசி அட்டையைப் போல இதுவும் டிஸ்சார்ஜின் ஒரு பகுதியாகிவிடும். மாதத்துக்கு ஒரு விழிப்புணர்வு வாரம் நடத்துவதைவிட இது ஆழமாக மனத்தில் பதியும்.

கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் சிசு இருக்கை ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குத்தான் தேவை. அவ்வளவு குறுகிய காலத் தேவைக்கு இரவலும் வாடகையும்தான் பொருத்தம். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, கேன்டீன் முதல் கட்டுமானம் வரை நடத்திக் காட்டிய பெண்களின் அமைப்பு. ஒவ்வொரு இருக்கையின் வரலாற்றையும் பதிவேட்டில் எழுதி, துணியைத் துவைத்து, விபத்தில் பட்டதை ஒதுக்கி வாடகைக்கு விடும் வேலையை அதைவிட நம்பகமாகச் செய்ய வேறு யாரும் அங்கே இல்லை. விமான நிலைய டாக்சிகளுக்கும் தொலைதூர வாடகைக் கார்களுக்கும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

சின்னக் காரில் இரண்டு குழந்தைகள், இரண்டு தாத்தா பாட்டி என்றால் இடம் போதாது என்ற குறையும் நியாயமானதே. அந்தக் குடும்பம் இருப்பதை வைத்து முடிந்ததைச் செய்யட்டும்: சின்னப் பிள்ளைக்கு இருக்கை, பெரிய பிள்ளைக்குப் பின்சீட்டில் தனி பெல்ட், முன்சீட்டில் தாத்தா. ஆட்டோவிலும் பைக்கிலும் போகும் பெரும்பான்மைக் குழந்தைகளுக்கு இந்த இருக்கை எட்டாத பொருள் என்பதும் தெரிந்ததே. பைக்கில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஹெல்மெட்டும் உடலோடு கட்டும் பாதுகாப்புப் பட்டியும் வேண்டும், வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது என்ற மத்திய விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது. அதுவும் ஏட்டில்தான் தூங்குகிறது. அதை எழுப்புவது தனி வேலை. அதற்காகக் காரில் போகும் குழந்தையைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். சீட் பெல்ட் போடாததால் மட்டும் 16,715 பேர். அதில் பாதிப் பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் வந்தவர்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் போடாமல் இறந்தபோது, நாடு சில வாரங்கள் பின்சீட்டு பெல்ட்டைப் பற்றிப் பேசியது. படப்பறம்புக் குழந்தைக்குக் கிடைத்தது சில நாட்கள்.

திருவனந்தபுரம் ஆக்குளத்தில் நாட்பாக் என்ற தேசியப் போக்குவரத்துத் திட்டமிடல் ஆய்வு மையம் இருக்கிறது. வழுதக்காட்டில் ஆணையர் அலுவலகம், மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் எஸ்.ஏ.டி. மூன்றும் ஒரே நகரத்தில், அரை மணி நேரப் பயணத்துக்குள். எந்தக் காருக்கு எந்த இருக்கை பொருந்தும் என்று பட்டியல் போட்டு, ஓட்டுநர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தரும் பொறுப்பை நாட்பாக் எடுத்துக்கொள்ளலாம். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் குழந்தையோடு வரும் கார்களை நிறுத்தி, அபராதச் சீட்டு எழுதாமல் குழந்தையைப் பின்னால் மாற்றச் சொல்லி அனுப்ப மோட்டார் வாகனத் துறைக்கு அமைச்சரின் புது அனுமதி எதுவும் தேவையில்லை. மாத்ருயானம் கார்களுக்கு அடுத்த ஒப்பந்தம் போடும்போது, வாகனத்தில் சிசு இருக்கை இருக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சுகாதாரத் துறை சேர்த்தால் வேலை தொடங்கிவிடும்.